மோட்டார் சைக்கிளில் எஞ்சின் ஆயில் அளவைப் பார்ப்பது எப்படி: புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு

நான் கிருஷ்ணகிரியில் குடியிருந்து ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வருகிறவன். முதல் வண்டி வாங்கிய மூன்றாம் மாதம் ஒரு நாள், வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்த நிலையிலேயே ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியோடு சேர்ந்து வரும் அளவுக் குச்சியின் நுனியில் எண்ணெய் ஒட்டவே இல்லை. பதறிப்போய்க் கடைக்கு ஓடி, ஒரு லிட்டர் புட்டி வாங்கி வந்து, பாதிக்குமேல் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலை சூளகிரியைத் தாண்டுவதற்குள் வண்டியின் இழுவை குறைந்து, சைலென்சர் வழியாகப் புகை தள்ளத் தொடங்கியது. சாலையோரப் பட்டறைக்காரர் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்து எண்ணெய் சொட்டியது. “சைடு ஸ்டாண்டுல பாத்தா எந்த வண்டியிலயும் ஆயில் கம்மியாத்தான் தெரியும் தம்பி” என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூடுதல் எண்ணெயை இறக்கிச் சரிசெய்த கூலி என்று அன்று 1,150 ரூபாய் செலவாயிற்று; அரை நாள் சம்பளமும் போனது.

எண்ணெய் அளவைப் பார்ப்பது பத்து நிமிட வேலை, செலவில்லாத வேலை. ஆனால் வண்டி நின்ற நிலை, காத்திருந்த நேரம், குச்சியை விட்ட முறை ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் குச்சி பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி எண்ணெய் ஊற்றுவதைவிடப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கையேட்டை எடுத்து வையுங்கள்

வண்டியோடு கொடுத்த உரிமையாளர் கையேட்டில் இந்த வேலைக்கு வேண்டிய விவரங்கள் ஒரே பக்கத்தில் இருக்கும்: எண்ணெயின் தரக் குறியீடு, கொள்ளளவு, எஞ்சினை எத்தனை நிமிடம் ஓடவிட வேண்டும், நிறுத்திய பிறகு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், குச்சியைத் திருகிப் பார்க்க வேண்டுமா திருகாமல் பார்க்க வேண்டுமா என்பவை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் நேரங்கள் 100 முதல் 150 சிசி வரையுள்ள பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்துபவை. உங்கள் கையேடு வேறு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்குக் கையேடு கிடைத்திருக்காது. பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் அதை இலவசமாகத் தருகின்றன. வண்டியின் பெயர், தயாரான ஆண்டு இரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், அவற்றை ஒப்பிட்டுச் சரியான கையேட்டைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வண்டிப் புகையின் மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிகள் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது ஒரே பெயரில் விற்ற வண்டிகளிலும் எஞ்சின் மாற்றங்கள் வந்தன. ஆகவே பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக 2018-ஆம் ஆண்டுக் கையேட்டை 2022-ஆம் ஆண்டு வண்டிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கையேட்டில் புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. கொள்ளளவு என்ற தலைப்பின் கீழ்ச் சில வண்டிகளுக்கு இரண்டு எண்கள் தரப்பட்டிருக்கும். சிறிய எண், பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது ஊற்றும்போது வேண்டிய அளவு. பெரிய எண், எஞ்சினை முழுவதும் பிரித்துப் பூட்டிய பிறகு ஊற்ற வேண்டிய அளவு. வடித்து மாற்றும்போது எஞ்சினின் உள்சுவர்களிலும் கிளட்சிலும் கொஞ்சம் பழைய எண்ணெய் தங்கிவிடும் என்பதால்தான் இந்த வேறுபாடு. பெரிய எண்ணைப் பார்த்து ஊற்றினால் என் கதைதான் உங்களுக்கும்.

2. உங்கள் வண்டியில் இருப்பது குச்சியா, கண்ணாடியா?

நம் பக்கம் அதிகமாக ஓடும் 100, 125 சிசி வண்டிகளில் எஞ்சினின் வலப்பக்க மூடியில், பெரும்பாலும் கிக்கருக்கு அருகே, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் திருகு மூடி இருக்கும். அதனோடு சேர்ந்தே ஒரு குச்சி உள்ளே இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். அதன் நுனிப் பகுதியில் மேல்கோடு, கீழ்கோடு என இரண்டு குறிகளும், சிலவற்றில் அவற்றுக்கிடையே குறுக்குக் கோடுகளும் இருக்கும். ராயல் என்ஃபீல்டு போன்ற வண்டிகளில் எஞ்சினின் கீழ்ப்பகுதியில் வட்டமான சிறு கண்ணாடி பதித்திருக்கும்; அதன் வழியாகவே மட்டம் தெரியும்.

டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். டிவிஎஸ் ஆலை உள்ள ஓசூர் நம் மாவட்டத்திலேயே இருப்பதாலோ என்னவோ, மாங்காய் மண்டியிலிருந்து ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தை வரை எங்கும் இந்த வண்டிதான். பழைய எக்ஸ்எல் சூப்பர் டூ ஸ்ட்ரோக். அதற்கு ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றுவார்கள். எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதற்கு எஞ்சின் ஆயில் தனி, பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதற்கு மாறிய பெரியவர்கள் பழக்க தோஷத்தில் பங்கில் ஆயில் கலக்கச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

3. வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள்

சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடப்பக்கம் சாயும். எண்ணெயும் இடப்பக்கம் ஒதுங்கும். குச்சியும் கண்ணாடியும் வலப்பக்கம் இருப்பதால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே சென்டர் ஸ்டாண்டு கட்டாயம். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியாக இருந்தால், ஒருவர் இருக்கையில் அமர்ந்து வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டுவிட்டாலே சமதளம் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் தெருவைப் போல மலையடிவாரத்தில் இருக்கும் தெருக்களில் வாசல் முழுவதும் மழைநீர் ஓடுவதற்காகச் சரிவாகவே இருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தெரிந்துவிடும். எனக்குக் கிடைத்த நல்ல இடம் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் மேடை. வீட்டில் ஒரு சமமான இடத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பாருங்கள்; அப்போதுதான் போன முறையோடு ஒப்பிட முடியும்.

4. எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, காத்திருங்கள்

எஞ்சினைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் 3 முதல் 5 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். இதை வெளியில் செய்யுங்கள். ஷட்டர் போட்ட கடைக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ ஓடவிட்டால் புகையில் இருக்கும் நச்சு வாயு உயிருக்கே ஆபத்து. பிறகு அணைத்துவிட்டு 2 முதல் 3 நிமிடம் காத்திருங்கள்.

ஓடும்போது எண்ணெய் மேலே வால்வு வரைக்கும் போய்ப் பரவியிருக்கும். அது மீண்டும் அடியில் வடிந்து சேருவதற்கே இந்த இடைவெளி. அணைத்தவுடன் பார்த்தால் குறைவாகக் காட்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் கிளப்பாமலே பார்த்தால் எல்லா எண்ணெயும் அடியில் இறங்கியிருப்பதால் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். தொப்பூர்க் கணவாய் ஏறி வந்தோ, ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் மலைப்பாதை ஏறி வந்தோ வண்டி கொதித்துக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டாம். பத்து, பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு இந்தப் படியை முதலிலிருந்து செய்யுங்கள். சைலென்சரும் வலப்பக்கமே இருப்பதால் முழங்கையில் சுட்டுக்கொண்டவர்கள் பலர்.

5. மூடியைச் சுற்றித் துடைத்த பிறகே திறங்கள்

காத்திருக்கும் நேரத்தில் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைப் பனியன் துணியால் துடைத்துவிடுங்கள். கிரானைட் குவாரிகளும் அவற்றின் லாரிகளும் உள்ள மாவட்டம் இது. எஞ்சினின்மேல் படிந்திருப்பது வெறும் புழுதி அல்ல, கல்லின் தூள். அது திறந்த வாயில் விழுந்தால் நேராக எண்ணெயோடு சேர்ந்து பிஸ்டனை உரசும். துணி நூல் பிரியாததாக இருக்க வேண்டும். பட்டறைகளில் கிலோ கணக்கில் வாங்கும் திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் இதற்கு நல்லது. பழைய பனியனும் போதும்.

6. குச்சியைப் பாருங்கள்

மூடியைத் திருகி எடுங்கள். முதல் முறை எடுக்கும்போது குச்சி முழுவதும் எண்ணெய் தெறித்திருக்கும். அதைக் கணக்கில் கொள்ளாதீர்கள். துடைத்துவிட்டு மீண்டும் உள்ளே விடுங்கள்.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தவறு செய்வது இங்கேதான். பல 100, 125 சிசி வண்டிகளில் குச்சியை விட்டுப் பார்க்கும்போது மூடியைத் திருகக் கூடாது. மரையின்மேல் மூடி உட்கார்ந்த நிலையிலேயே வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிவிட்டால் குச்சி இன்னும் ஆழமாக இறங்கி, எண்ணெய் குறைவாக இருந்தாலும் போதுமானதாகக் காட்டும். வேறு சில வண்டிகளில் முழுவதும் திருகிய பிறகே பார்க்க வேண்டும். அவற்றில் திருகாமல் பார்த்தால் குறைவாகக் காட்டும். முதல் படியில் கையேட்டை எடுத்து வைக்கச் சொன்னது பெரும்பாலும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

வெளியே எடுத்த குச்சியை நுனி கீழே இருக்கும்படி பிடியுங்கள். தலைகீழாகப் பிடித்தால் எண்ணெய் வழிந்து மட்டம் கலைந்துவிடும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் சரியான அளவே. மேல்கோட்டைத் தொட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புது எண்ணெய் தெளிவாக இருப்பதால் கோடு கண்ணுக்குப் படாது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஈரம் எங்கே முடிகிறது என்று தெரியும். ஐயம் இருந்தால் துடைத்துவிட்டு இரண்டு முறை பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி நிமிர்ந்து நிற்கவில்லை, அல்லது எண்ணெய் இன்னும் வடிந்து முடியவில்லை.

கண்ணாடி உள்ள வண்டிகளில் தரையளவு குனிந்து, கண்ணாடிக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் மட்டம் மாறித் தெரியும். நாள்பட்ட கண்ணாடியின் உட்புறத்தில் பழுப்பேறி, எண்ணெய் இல்லாதபோதும் இருப்பதுபோலத் தோன்றும். வண்டியை மெல்ல இடவலமாகச் சாய்த்தால் மட்டம் அசைவது தெரிய வேண்டும். அசையவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது கறையை.

7. நிறத்தையும் மணத்தையும் பார்த்துவிடுங்கள்

எண்ணெய் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். எஞ்சினுக்குள் சேரும் கரியைத் தன்னோடு வைத்துக்கொள்வது அதன் வேலை. கவனிக்க வேண்டியவை வேறு. பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். மழைவெள்ளத்தில் வண்டியை ஓட்டிய பிறகோ, அழுத்த நீரில் கழுவிய பிறகோ இப்படி ஆகலாம், உடனே மாற்ற வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை போன்ற குளிர்ந்த ஊர்களில், பனிக்காலத்தில் இரண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய்வருவதற்கு மட்டுமே எடுக்கப்படும் வண்டிகளில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் போலக் கொஞ்சம் படிவதுண்டு. எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் உள்ளே வியர்க்கும் நீர்தான் அது. ஒரு நாள் அரை மணி நேரம் நன்றாக ஓட்டினால் போய்விடும். போகாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பெட்ரோல் வாடை பலமாக வந்து, அளவும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் பெட்ரோல் உள்ளே கசிகிறது. நீங்கள் ஊற்றாமலே எண்ணெய் கூடியிருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். துணியில் தேய்க்கும்போது மினுங்கும் உலோகத் துகள் தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

8. குறைந்திருந்தால் எந்த ஆயில் வாங்குவது, எவ்வளவு செலவாகும்

கடைக்காரர் “என்ன வண்டி” என்று கேட்டு எடுத்துத் தருவதை அப்படியே வாங்காமல், கையேட்டில் உள்ள குறியீட்டைச் செல்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்றது எண்ணெயின் பாகுத்தன்மை. அதோடு ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியும் புட்டியில் இருக்க வேண்டும். நம் வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. எம்ஏ குறி உள்ள எண்ணெய்தான் கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிக்க உதவும். எம்பி என்ற குறி கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருந்தால் மிச்சமான ஸ்கூட்டர் ஆயிலைப் பைக்கில் ஊற்றும் ஆசை வரும், ஊற்றாதீர்கள். காருக்கான ஆயிலும் அப்படித்தான். நெடுஞ்சாலையோர லாரிப் பட்டறைகளில் பீப்பாயிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயில் மலிவாகக் கிடைக்கும். அது டீசல் எஞ்சினுக்கானது, இரவு பத்து மணிக்கு வண்டி நின்றாலும் அதை நாட வேண்டாம்.

நான் வாங்கும் சாதாரண 10டபிள்யூ-30 ஒரு லிட்டர் 350 முதல் 450 ரூபாய் வரை ஆகிறது; செமி சிந்தெடிக் இன்னும் கூடும். புனல் 20, 30 ரூபாய்க்குள் கிடைக்கும். அச்சிட்ட விலையைவிடப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் போலியாக இருக்க வாய்ப்புண்டு. மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதி தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். காலியான புட்டியைக் குத்தி ஓட்டையாக்கிவிட்டுப் போடுங்கள். முழுப் புட்டியாக எடைக்குப் போட்டால் அது மறுபடி நிரப்பப்பட்டுக் கடைக்கே வரக்கூடும். கொஞ்சம் சேர்க்கும்போது நிறுவனம் மாறினாலும் பாதகமில்லை, குறியீடு மாறாமல் இருந்தால் போதும்.

9. ஐம்பது மில்லியாக ஊற்றுங்கள்

100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் மொத்த எண்ணெயே ஒரு லிட்டரை ஒட்டித்தான். ஆகவே கை தவறி ஊற்றும் கால் லிட்டர்கூடப் பெரிய மாற்றம். பல புட்டிகளின் பக்கவாட்டில் மில்லி அளவுக் கோடு இருக்கும். அதைப் பார்த்து 50 மில்லி ஊற்றுங்கள், இரண்டு நிமிடம் விடுங்கள், குச்சியைத் துடைத்து மீண்டும் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, கையால் மட்டும் இறுக்குங்கள். பிளையர் போட்டுத் திருகினால் பிளாஸ்டிக் மூடி அடுத்த முறை திறக்கும்போது கையோடு வரும்.

கூடிவிட்டால், மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சோடு மெல்லிய குழாயை மாட்டி, மூடியின் வாய் வழியாகவே உறிஞ்சி எடுத்துவிடலாம். செலவு நூறு ரூபாய்க்குள். எண்ணெயை வடிப்பதற்காக அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் மட்டும் வடிக்க முயலாதீர்கள். போல்ட் எஃகு, எஞ்சின் உடல் அலுமினியம். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை தேய்ந்து, கடைசலுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

10. எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பது

சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரும் நாளும் இரண்டும் குறிப்பிட்டு, எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மாதம் 25 நாள் போய்வந்தால் 2,500 கிலோமீட்டர் ஓடிவிடும். நாள் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எண்ணெய் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எப்போதோ கடந்திருக்கும். என்னைப் போல ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பாலக்கோடு, அரூர் என்று ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு மாதம் இருமுறை போதும். மலைப்பாதையில் நீண்ட பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ஒருமுறை பாருங்கள். கிளம்பும் காலையில் குறைவாக இருப்பது தெரிந்தால் கடை திறந்திருக்காது. நம் சிறிய வண்டிகளில் எண்ணெய் குறைந்தால் எரியும் விளக்கு பெரும்பாலும் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

11. அடிக்கடி குறைந்தால்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேர்க்க வேண்டியிருந்தால், சேர்த்துக்கொண்டே போவது தீர்வாகாது. இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு தெரிந்தால் டிரெயின் போல்ட்டின் வாஷரோ கியர் தண்டின் சீலோ கசிகிறது; சிறிய செலவு. அட்டை சுத்தமாக இருந்தால் எண்ணெய் உள்ளேயே எரிகிறது. காலையில் கிளப்பியவுடன் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் காரணமாக இருக்கலாம்; ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், அதற்குச் சில ஆயிரங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

12. பில்லையும் குறிப்பையும் வைத்திருங்கள்

இலவச சர்வீஸ் என்றால் பொதுவாகக் கூலிதான் இலவசம். எண்ணெய்க்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பில்லில் எண்ணெயின் குறியீடும் அளவும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் குச்சியையும் ஒருமுறை பாருங்கள். சர்வீஸ் முடிந்து வரும் வண்டியிலும் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்ததை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். அன்றே திரும்பிப் போனால் மறுபேச்சில்லாமல் சரிசெய்து தருவார்கள், பத்து நாள் கழித்துப் போனால் பேச வேண்டியிருக்கும். வாரன்டி காலத்தில் எஞ்சின் உள்ளே இறுகி ‘சீஸ்’ ஆகிவிட்டால் முதலில் கேட்பது சர்வீஸ் புத்தகத்தையும் இந்தப் பில்களையும்தான். நான் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், பார்த்த அளவு, ஊற்றிய மில்லி என்று நான்கு பத்தி போட்டு எழுதி வருகிறேன். சிரிஞ்சில் உறிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் ஒரு கேனில் சேர்த்து, அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது பட்டறையின் பழைய ஆயில் பீப்பாயில் ஊற்றிவிடுகிறேன்.